நான் எடுத்த காதல் படத்தின் முதல் இரண்டு நிமிடம்

குளியலறைக் கண்ணாடி முன்னால், தலையில் சோப்பு நுரையோடு நின்றுகொண்டு, "ஆக்‌ஷன்" என்று பல குரல்களில் சொல்லிப் பார்த்திருக்கிறேன். கம்பீரமாக ஒரு தடவை, அலட்சியமாக ஒரு தடவை, தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு தடவை. கதவுக்கு வெளியிலிருந்து என் மனைவி, "ஏனுங்க, துண்டு வேணுமா, இல்ல வழுக்கி உழுந்துட்டீங்களா?" என்று கேட்டாள். அப்போது எனக்கு வயது ஐம்பத்திரண்டு. இதை வெட்கத்தை விட்டு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதற்குப் பிறகு நான் செய்த காரியத்தோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

போன வருடம் ஆடியில் தொடங்கியது. கோவையில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் கொள்முதல் பிரிவில் இருக்கிறேன். வார்ப்பு, பேரிங், செப்புக் கம்பி என்று பாதி ஆயுள் போய்விட்டது. படிக்கிற பழக்கம் உண்டு. படிக்கிறவன் என்கிற திமிரும் கூடவே உண்டு. சினிமாக் கலையைப் பற்றிய தடித்த புத்தகங்களை வாங்கி அடுக்கி, அவற்றில் சிலவற்றைப் படித்தும் இருந்ததால், என்னைத் தமிழ்த் திரையுலகம் இழந்துகொண்டிருக்கிறது என்ற கவலை வெகுநாளாக எனக்கு இருந்தது. அந்த இழப்பை ஈடுகட்ட, காந்திபுரத்தில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் சனி, ஞாயிறு மட்டும் நடக்கும் திரைப்படப் பயிற்சி வகுப்பில் சேர்ந்தேன்.

முதல் நாள் நான் உள்ளே நுழைந்ததும் வகுப்பே எழுந்து நின்றது. எல்லாம் கல்லூரி வயதுப் பிள்ளைகள். ஆசிரியர் என்று நினைத்துவிட்டார்கள். உட்காரச் சொல்லிக் கையமர்த்திவிட்டு, கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். உண்மையான ஆசிரியர் பிறகு வந்தார். அவருக்கு என் மகன் வயது.

புரட்டாசியில் அவர் ஒரு பயிற்சி கொடுத்தார். ஒரு காதல் படத்தின் தொடக்கக் காட்சியை எடுத்துவர வேண்டும். இரண்டு நிமிடம். வசனம் கூடாது. இந்த இரண்டு பேருக்கும் நடுவில் ஏதோ ஆரம்பித்துவிட்டது என்று பார்க்கிறவருக்குத் தெரிந்தால் போதும். மூன்று மூன்று பேராகக் குழு பிரித்தார்கள். வயதுக்கு மரியாதை கொடுத்து என்னை இயக்குநர் ஆக்கினார்கள். திறமையைப் பார்த்துத்தான் கொடுத்தார்கள் என்று நான் வீட்டில் சொன்னேன்.

என் குழுவில் ஒரு பையன், ஒரு பெண். பையனுக்குக் கோட்டைமேடு, கோவையில் முஸ்லிம்கள் நிறைய இருக்கிற பகுதி. அவன் அத்தா அங்கே பூட்டு, தாழ்ப்பாள், கீல் விற்கிற கடை வைத்திருந்தார். பையனுக்கு நல்ல முகவெட்டு. அதைத் தவிர வேறு எந்த முயற்சியும் அவன் செய்ததாகத் தெரியவில்லை. எந்த நேரமும் ஒரு கையில் தேங்காய் பன் இருக்கும்.

பெண்ணுக்குக் கிணத்துக்கடவுப் பக்கம். தென்னந்தோப்புக் குடும்பம். அவளுக்கு நடிப்பும் வேண்டாம், இயக்கமும் வேண்டாம், ஒலிப்பதிவு ஒன்றுதான் வேண்டும். உள்ளங்கையளவு பதிவுக் கருவி ஒன்றை எப்போதும் பையில் வைத்திருப்பாள். தேங்காய் விழுகிற சத்தம், தகரக் கூரையில் தூறல், கோயில் மைக் பேசத் தொடங்கும் முன் போடுகிற கூச்சல், எல்லாம் அதில் இருந்தன. வீட்டில் ஒரு வருடம் மல்லுக்கட்டித்தான் இந்த வகுப்புக்கு அனுமதி வாங்கியிருந்தாள். விளக்கு வைக்கும் முன் வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது அப்பாவின் நிபந்தனை. ஒரு நாள் தவறினாலும் அதோடு சரி.

அவளுடைய பெரிய பகை பொள்ளாச்சி பஸ்கள்தான். கிணத்துக்கடவில் மேம்பாலம் வந்த பிறகு பாதி பஸ் ஊருக்குள் வராமல் பாலத்து மேலேயே பறந்துவிடுகிறது. தெரியாமல் அதில் ஏறிவிட்டால் பாலம் தாண்டி இறங்கி, சர்வீஸ் ரோட்டில் திரும்பி நடந்து வர வேண்டும். அதற்குள் இருட்டிவிடும். அதனால் சாயங்காலம் ஆனால் அவளுக்கு இருப்புக் கொள்ளாது. இதெல்லாம் எனக்குத் தெரியும். அவளே பலமுறை சொல்லியிருக்கிறாள். நானும் தலையாட்டிக் கேட்டிருக்கிறேன்.

கதாநாயகியாக நடிக்க வேறு குழுவிலிருந்து ஒரு பெண் வருவதாக இருந்தது. படப்பிடிப்பு அன்று அவளுக்குக் காய்ச்சல். நான் எங்கள் ஒலிப்பதிவுப் பெண்ணைப் பார்த்தேன்.

"நீயே நின்னுரு கண்ணு. வசனமே கிடையாது. ஒரு பார்வை, அவ்வளவுதான்."

அவள் கீழே பார்த்துக்கொண்டு, "பாக்கலாமுங்க சார்" என்றாள்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கொங்கு நாட்டில் 'முடியாது' என்று யாரும் யாரிடமும் சொல்வதில்லை. அது மரியாதை இல்லை. நிலம் விலைக்குக் கேட்டால், பெண் கேட்டால், சீட்டுச் சேரச் சொன்னால், "பாக்கலாமுங்க" என்போம். கேட்டவர் புரிந்துகொண்டு காபியைக் குடித்துவிட்டுப் போய்விடுவார். நான் என் வாழ்நாளில் எத்தனையோ பேரிடம் அப்படிச் சொல்லியிருக்கிறேன். அன்று ஒரு நாள் மட்டும் அது எனக்குச் சம்மதம் என்று காதில் விழுந்தது. இயக்குநர் காது அப்படித்தான் போலிருக்கிறது.

இன்னொரு தடவை வற்புறுத்தியதும் ஒப்புக்கொண்டாள். "ஆனா சார், இதை வெளிய எங்கயும் போட்டுராதீங்க. வகுப்போட இருக்கட்டுமுங்க" என்றாள்.

"நான் எதுக்கு வெளியே போடறேன்" என்றேன். மனதார.

குறிச்சிக் குளத்தை ஒட்டி, பொள்ளாச்சி ரோட்டில் ஒரு பஸ் நிறுத்தம். சாயங்கால வெயில் குளத்தில் பட்டு அவள் முகத்தில் விழுகிற மாதிரி இடம் பார்த்து வைத்திருந்தேன். பையனின் தோள் மட்டும் முன்னால் தெரியும். அதற்கு அப்பால் அவள் முகம். கேமரா என் கையில். எடுக்கும் முன் இருவரையும் நிற்க வைத்து, காதல் கண்ணில் தொடங்குவதில்லை, கண் தயங்கும் இடத்தில் தொடங்குகிறது என்று நீளமாக ஒரு சொற்பொழிவு ஆற்றினேன்.

"அங்கிள், இந்தப் பன்னைத் தின்னுபோட்டு தயங்கட்டுமா?" என்று பையன் கேட்டான்.

எத்தனை முறை எடுத்தும் வரவில்லை. அவள் பையனைப் பார்த்தால் ரேஷன் கடை வரிசையில் முன்னால் நிற்கிற ஆளைப் பார்க்கிற மாதிரி இருந்தது. கொஞ்சம் உருகச் சொன்னால் பல் வலி வந்தவள் மாதிரி ஆனாள். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. "சார், நேரமாச்சுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். "கடைசியா ஒண்ணு" என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அந்தக் கடைசி ஒன்றில் அது வந்தது.

சோர்ந்து நின்றவள் முகத்தைத் தூக்கினாள். கண் அகன்றது. ஒரு நம்பிக்கை, உடனே ஒரு பயம், இதுவா இல்லையா என்கிற தவிப்பு, உதடு லேசாகப் பிரிந்து, பிறகு முகம் முழுக்க ஒரு நிம்மதி. நான் படித்த புத்தகங்கள் எல்லாம் எதைப் பற்றி எழுதியிருந்தனவோ அது என் கண்முன் நடந்துகொண்டிருந்தது. நான் "கட்" சொன்ன மறு நொடி அவள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி, எனக்குப் பின்னால் வந்து நின்ற பஸ்ஸில் ஏறிவிட்டாள். வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒலிச் சேர்ப்பை அவளே செய்து கொடுத்தாள். அந்தப் பார்வைக்கு அடியில் ஒரு பஸ் இரைந்துகொண்டு வந்து, பிரேக் அடித்துக் காற்றை விடுகிற சத்தத்தை வைத்திருந்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவ்வளவு அருமையான இடத்தில் பஸ்ஸா? கவிதையே கெட்டுப் போகிறதே. அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அதை எடுத்துவிட்டு வயலின் போட்டேன்.

வகுப்பில் போட்டுக் காட்டினேன். ஆசிரியர் அந்தப் பார்வையை மறுபடி ஓடவிட்டு, "சார், இதை எப்படி வாங்கினீங்க?" என்றார். நான் அடக்கமாகச் சிரித்தேன். அடக்கமாகச் சிரிப்பதையும் கண்ணாடி முன்னால் பழகியிருந்தேன். அவள் மூலையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். அதையும் அடக்கம் என்றே எடுத்துக்கொண்டேன்.

இனித்தான் நான் செய்த காரியம் வருகிறது.

எங்கள் குலதெய்வக் கோயிலுக்கு ஒரு வாட்ஸாப் குரூப் உண்டு. ஊர் ஊராகச் சிதறிக் கிடக்கிற பங்காளிகள் எல்லாரும் அதில் இருக்கிறார்கள். காலையில் பூப்படம், பிறகு கொப்பரை விலை, நடுவில் யாராவது தவறிப்போன செய்தி, சாயங்காலம் ஜாதகம். அந்த ஞாயிற்றுக்கிழமை கொப்பரை விலைக்கும் ஒரு கருமாதி அறிவிப்புக்கும் நடுவில் என் இரண்டு நிமிடத்தைப் போட்டேன். 'என் முதல் படம்' என்று எழுதி, கீழே ஒரு கும்பிடு.

வெளியே போடாதீர்கள் என்று அவள் சொன்னது ஞாபகம் இல்லாமல் இல்லை. ஆனால் சொந்தக்காரர்கள் எப்படி வெளியாட்கள் ஆவார்கள்? எனக்கு வெளி என்றால் யூடியூப், ஊர் உலகம். பங்காளிகள் என்றால் வீட்டுக் கூடம் மாதிரி. அவளுக்கு அந்தக் கூடம்தான் வெளி என்பதை, இதே மண்ணில் பிறந்து வளர்ந்து இத்தனை வயதான நான் யோசிக்கவில்லை.

கட்டைவிரல்கள் வந்தன. ரோஜாக்கள் வந்தன. மத்தியானம் ஒரு போன் வந்தது. அண்ணன் முறையாகிற ஒருவர். அதிகம் பழக்கமில்லை.

"ஏனுங் தம்பி, படம் பாத்தனுங். அந்தப் புள்ளை எந்த ஊருங்?"

"கிணத்துக்கடவுப் பக்கமுங்கண்ணா. எப்படிப் பண்ணியிருக்கு பாத்தீங்களா? நடிக்கற மாதிரியே தெரியாதுங்க."

"ஆமாங். தெரியலீங். பையன் எந்த ஊருங்?"

"அவன் கோட்டைமேடுங்க. வெகு நல்ல பையன். ரெண்டு பேருக்கும் ஜோடி எப்படி அமைஞ்சிருக்கு பாருங்க."

லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.

"சரிங் தம்பி. வெச்சர்றனுங்."

அவர் அவளுடைய தாய்மாமன் என்று பிறகுதான் தெரிந்தது. அவள் யார் என்று தெரிந்துகொண்டேதான் கேட்டிருக்கிறார். அவளுடைய அம்மா பிறந்தது எங்கள் கோயில் பங்காளி வீட்டில். ஆக, இத்தனை நாள் நான் 'கண்ணு' என்று கூப்பிட்டு வேலை வாங்கிய பெண் எனக்கு மருமகள் முறை. இது எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. குரூப்புக்குத் தெரிந்திருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை அவள் வகுப்புக்கு வரவில்லை. போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பையன் வந்தான், கையில் பன் இல்லாமல். மாடிப்படிக்குக் கீழே அவன் அத்தா நின்றுகொண்டிருந்தார். நான் இறங்கிப் போய், "வாங்க பாய்" என்றேன்.

"சாருங்க, அந்த வீடியோ எங்கெங்கயோ சுத்துதுங்க. யாரோ என்னென்னமோ எழுதி அனுப்பறாங்க. என் மச்சினன் திருப்பூர்ல இருந்து கூப்புட்டுக் கேக்கறான்" என்றார். கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன். கடைக்கு வந்தவரிடம் சரக்கு இல்லை என்று சொல்கிற குரலில் பேசினார்.

"படம்னு தெளிவா எழுதித்தான் போட்டேன் பாய். என் பேரும் இருக்கு."

"பேரை யாருங்க படிக்கறா? முகத்தைத்தானே பாக்கறாங்க. பையனை உடுமலைல அவங்க மாமி ஊட்டுக்கு அனுப்பறேன். கொஞ்ச நாளைக்கு அவன் இந்தப் பக்கம் வேண்டாமுங்க. அவனுக்கு ஒண்ணும் தெரியாது சார். அந்தப் புள்ளையோட பேரைக் கேட்டாக்கூட முழுசா சொல்லத் தெரியலை."

பையன் என்னைப் பார்த்து, "வர்றேன் அங்கிள்" என்றான். வரவில்லை.

நான் மனைவியைக் கூட்டிக்கொண்டு கிணத்துக்கடவு போனேன். வழியெல்லாம் அவள் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

அந்த வீட்டில் யாராவது என்னைத் திட்டுவார்கள் என்று எதிர்பார்த்து, என்ன பதில் சொல்வது என்று தயார் செய்துகொண்டு போயிருந்தேன். திட்டவில்லை. "வாங் மச்சான், வாங் தங்கச்சி" என்று அவளுடைய அப்பா எழுந்து வந்தார். ஃபேனை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். "ஒரு வாய் சாப்டுட்டுத்தான் போகோணும்" என்று அவளுடைய அம்மா உள்ளே போய்விட்டார்.

நான் ஆரம்பித்தேன். அது பாடத்தில் ஒரு பயிற்சி, அவளுக்கு விருப்பமே இல்லை, நான்தான் நிற்க வைத்தேன், அந்தப் பையனுக்கும் அவளுக்கும் ஒன்றும் கிடையாது, அது நடிப்பு.

அவர் முழுதும் கேட்டார்.

"மச்சான், நான் சினிமா அவ்வளவாப் பாக்கறவன் இல்லீங். ஆனா எம்புள்ளையப் பாத்திருக்கறனுங். அவளுக்கு நடிக்க வராதுங். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடோணும்னாக்கூட வயித்து வலின்னு பொய் சொல்லத் தெரியாது. அந்தப் பார்வை நடிப்பு இல்லீங்."

அந்த இடத்தில் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? 'சரிதான், அவளுக்கு நடிக்க வராது. நாங்கள் எடுத்ததில் எல்லாமே குப்பை. இந்த ஒன்று எப்படியோ விழுந்துவிட்டது, எப்படி என்று எனக்கே தெரியாது' என்று உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவருக்கு அது விளங்கியிருக்கும். ஆனால் எனக்குள் ஒருவன் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தான்.

"இல்லீங்க மச்சான். நான்தான் அப்படி நடிக்க வெச்சேன். அதுதான் டைரக்‌ஷன்."

அவர் என்னை நிதானமாகப் பார்த்தார். "நீங்க பம்ப்செட் கம்பெனிலதானுங் இருக்கறீங்?" என்றார்.

அப்போது அவள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். "வாங்க மாமா, வாங்க அத்தை" என்றாள். வகுப்பில் சார் என்று கூப்பிட்டவள். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் முறைக்காரன் என்றால் பெண்ணின் நல்லது கெட்டதுக்கு முன்னால் நிற்க வேண்டியவன். அந்த வார்த்தை காதில் விழுந்தபோது கையிலிருந்த இளநீரைக் கீழே வைத்துவிட்டேன்.

கிளம்பும்போது வாசலில் கேட்டேன். "படிப்பையாவது நிறுத்தாதீங்க மச்சான். அந்தக் காதுக்கு அவ பெரிய ஆளா வருவா. வேற வகுப்புல வேண்ணாச் சேத்தலாம். நான் வர்ற பக்கமே வரமாட்டேன்."

அவர் கைகூப்பிக்கொண்டே சொன்னார். "பாக்கலாமுங்."

இந்த முறை எனக்குச் சரியாகக் கேட்டது.

தையில் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பொள்ளாச்சியில் தேங்காய் மண்டி வைத்திருக்கிறார். நல்ல மனிதர் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். முறைக்காரன் என்பதால் எங்களுக்கும் பத்திரிகை வந்தது. போகாமல் இருந்துவிடலாம் என்றேன். "போடறப்ப யோசிக்காம போட்டீங்க. இப்ப போறதுக்கு என்ன யோசனை?" என்றாள் மனைவி. போனோம்.

மண்டபத்தில் கல்யாண வீடியோ எடுக்க நாலு பேர் கேமராவோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் தலைவன் மாதிரி இருந்த இளைஞன் மேடையில் மாப்பிள்ளையின் தோளுக்குப் பின்னால் கேமராவை வைத்து, "மேடம், அப்படியே அண்ணனை லவ்வாப் பாருங்க. கொஞ்சம் தயங்கின மாதிரி" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவள் பார்த்தாள். ரேஷன் கடை வரிசைப் பார்வை. "இன்னொண்ணு மேடம்." பல் வலி. "கடைசியா ஒண்ணு." என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

அவன் லைட்டை மாற்றப் போன இடைவெளியில் நாங்கள் மேடை ஏறினோம். திருநீறு பூசிவிட்டு, என்ன சொல்வது என்று தெரியாமல், "அந்தத் தம்பிக்கு விவரம் பத்தலை கண்ணு. அன்னைக்கு நம்ம படத்துல எப்படிப் பாத்தே" என்று உளறினேன். இப்படி ஒரு வாய் எனக்கு.

அவள் சிரித்தாள். மாப்பிள்ளை யாருக்கோ கும்பிடு போட்டுக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கும் எனக்கு வரலீங் மாமா. உங்க முதுகுக்குப் பின்னால பொள்ளாச்சி பஸ்ஸு வந்துட்டு இருந்துச்சு. பாலத்து மேல போறதா, ஊருக்குள்ள வர்றதான்னு போர்டைப் பாத்துட்டு இருந்தனுங். ஊருக்குள்ள போறதுன்னு போட்டிருந்துச்சு. அதான் சத்தம் வெச்சுக் குடுத்தனே. நீங்கதான் எடுத்துப்போட்டு வயலின் போட்டுட்டீங்."

சாயங்காலங்களில் பொள்ளாச்சி ரோடு வழியாகப் போகும்போது இன்றைக்கும் நான் அந்த நிறுத்தத்தில் நிற்கிற பெண்களின் முகத்தைப் பார்க்கிறேன். பஸ் வருகிற திசையில் அத்தனை முகங்களிலும் அந்தப் பார்வை இருக்கிறது. நேரத்தோடு வீடு போய்ச் சேர வேண்டுமே என்கிற ஒரு பெண்ணின் பயத்தைத்தான் நான் காதல் என்று படம் பிடித்து ஊருக்குக் காட்டியிருக்கிறேன். அதற்குப் பிறகு கேமராவைத் தொடவில்லை. அடுத்தவர் முகத்தைப் பார்த்து, இவர் மனதில் இன்னது ஓடுகிறது என்று எனக்குள் முடிவு கட்டுவதையும் முடிந்தவரை குறைத்துக்கொண்டிருக்கிறேன்.

அன்று மேடையில் நான் கேட்டதெல்லாம் ஒன்றுதான். "இதை அப்பாகிட்டச் சொல்லியிருக்கலாமே கண்ணு?"

"சொன்னனுங் மாமா," என்றாள், கேமராக்காரன் திரும்பி வருவதைப் பார்த்து மாலையைச் சரிசெய்துகொண்டே. "'பஸ்ஸை யாராச்சும் அப்புடிப் பாப்பாங்களா'ன்னுட்டாருங்."